கீழே கடை வேண்டாம்: ஃப்ளாரன்ஸின் தோர்னபுவோனி தெரு

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் வியா தோர்னபுவோனி என்று ஒரு தெரு இருக்கிறது. வடக்கே அந்தினோரி சதுக்கத்தில் ஆரம்பித்து, தெற்கே ஆர்னோ ஆற்றின் மேல் இருக்கும் சாந்தா திரினிதா பாலத்தில் முடிகிறது. வேடிக்கை பார்க்காமல் நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அப்படி யாரும் நடப்பதில்லை. தடுக்கி விழுந்தால் உலகப் புகழ் பெற்ற பிராண்ட் கடை. ஒரு கைப்பை, ஒரு ஜோடி செருப்பு, கண்ணாடிக்குள் தனியாக நிற்கும் ஒரு கோட்டு. விலைச்சீட்டு வெளியே தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கான கடைகள் அவை.

இந்தத் தெருவைப் பற்றிய சுற்றுலாப் பக்கங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். "மறுமலர்ச்சிக் கால மாளிகைகளில் இன்றைய ஃபேஷன்"னு ஒரு வரி, நாலு படம், அவ்ளோதான். ஏதோ அந்த மாளிகைகள் கடைகளுக்காகவே ஐந்நூறு வருஷம் காத்துக்கொண்டிருந்த மாதிரி. உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. இந்தத் தெருவின் மிகப் பெரிய மாளிகையைப் பற்றிச் சொல்லப்படும் முக்கியமான கதையே, அதன் கீழ்த்தளத்தில் கடை வைக்கலாமா கூடாதா என்பதுதான். கடை வைத்தால் கௌரவக் குறைச்சல் என்பது அன்றைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எப்படித் தலைகீழானது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் தெரு. ரோமானியர்கள் ஃப்ளாரன்ஸை ஒரு சிறிய செவ்வகமான ஊராக அமைத்தார்கள். அந்தச் செவ்வகத்தின் மேற்கு மதில் ஏறத்தாழ இந்தத் தெருவை ஒட்டித்தான் போனது. மதிலுக்கு வெளியே முஞோனே என்ற ஓடை அகழி மாதிரி ஓடியது. ஊர் வளர வளர மதில் வெளியே நகர்ந்தது, ஓடையைத் திருப்பிவிட்டார்கள், மிஞ்சிய இடம் தெருவானது. பழைய ஃப்ளாரன்ஸின் மற்ற சந்துகளைவிட இது அகலமாக இருப்பதற்கு அந்தப் பழைய எல்லைக்கோடும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பெயரிலும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. இங்கே செல்வாக்காக இருந்த பழைய பிரபுக் குடும்பத்தின் பெயர் தோர்னக்குவின்சி. 1293-ல் ஃப்ளாரன்ஸ் ஒரு சட்டம் போட்டது: பிரபு வம்சத்தார் நகர ஆட்சிப் பதவிகளுக்கு வரக்கூடாது. ஆட்சி கில்டுகளின் கையில், அதாவது வணிகர், தொழில்காரர் சங்கங்களின் கையில் இருந்த காலம். நம் ஊரில் கல்வெட்டுகளில் வரும் வணிகக் குழுக்கள் ஒரு நகரத்தையே ஆண்டதாகக் கற்பனை செய்து பாருங்கள், கிட்டத்தட்ட அது. பிரபுவாக இருப்பது பெருமையாக இல்லாமல் தடையாக ஆனது. நூறு வருஷம் கழித்து, 1393-ல், அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை பழைய பெயரைக் கைவிட்டு "தோர்னபுவோனி" என்று பெயர் மாற்றிக்கொண்டு சாதாரணக் குடிமக்கள் பட்டியலில் சேர்ந்தது. அரசியலுக்கு வருவதற்காகத் தங்களைத் தாங்களே ஒரு படி இறக்கிக்கொண்டார்கள். இன்று உலகத்தின் ஆடம்பரத்துக்கு அடையாளமாக இருக்கும் தெருப்பெயர், "நாங்கள் பிரபுக்கள் இல்லை" என்று எழுதிக்கொடுத்ததில் பிறந்த பெயர்.

ஊரில் பணம் இருந்தது. 1252-ல் ஃப்ளாரன்ஸ் சுமார் மூன்றரை கிராம் எடையில் ஃப்ளோரின் என்ற தங்கக் காசை அடித்தது. சீக்கிரமே அது ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது. கம்பளித் துணியிலும் வட்டித் தொழிலிலும் வந்த காசு. தெருவின் ஆற்றுமுனையில் கோட்டை மாதிரி நிற்கும் ஸ்பினி மாளிகை 1289-ல் ஆரம்பித்தது. அதைக் கட்டிய ஜேரி ஸ்பினி, போப் எட்டாம் பொனிஃபாஸுக்கு பேங்கர். தெருவில் எந்தப் பெரிய கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு கணக்குப் புத்தகம் இருந்திருக்கும்.

அன்றைய வீடுகளில் கீழ்த்தளத்தில் கடை இருப்பது சகஜம். பணக்காரர் மாடியில் குடியிருப்பார். கீழே தெருவைப் பார்த்த வளைவுகளில் ஒரு தையல்காரர், ஒரு துணி வியாபாரி, ஒரு செருப்பு தைப்பவர் வாடகைக்கு இருப்பார்கள். "பொத்தேகா" என்பார்கள், பட்டறையும் கடையும் ஒன்றாக இருக்கும் இடம். வாடகை நிலையான வருமானம். சத்தம், நாற்றம், கூட்டம் எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

ஆடம்பரத்தை அந்த ஊர் அரசு எப்படிப் பார்த்தது என்பது இன்னும் சுவாரசியம். யார் எந்தத் துணி உடுத்தலாம், எத்தனை பொத்தான் வைக்கலாம், எந்த மிருகத்தின் ரோமம் கூடாது என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. 1343 முதல் 1345 வரை எழுதப்பட்ட ஒரு பதிவேடு இன்றும் இருக்கிறது. தடை செய்யப்பட்ட உடைகளை ஏற்கனவே வைத்திருந்த பெண்கள் அவற்றைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டி, பதிவு செய்து, முத்திரை போட்டுக்கொண்டால் தொடர்ந்து உடுத்தலாம். நோட்டரிகள் உட்கார்ந்து ஒவ்வொரு உடையையும் விவரித்து எழுதியிருக்கிறார்கள். நிறம், கோடு, பூ வேலைப்பாடு, கை எப்படி, ஓரம் எப்படி. ஆயிரக்கணக்கான உடைகள். அந்தக் காலத்துப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று ஆராய்பவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். ஆடம்பரத்தை ஒழிக்கப் போட்ட சட்டம், ஆடம்பரத்தின் மிக விரிவான ஆவணமாக மிஞ்சிவிட்டது.

சட்டம் வேலை செய்ததா? ஃபிராங்கோ சாக்கெத்தி என்ற ஃப்ளாரன்ஸ் எழுத்தாளர் அதே நூற்றாண்டில் எழுதிய ஒரு கதை இருக்கிறது. புதிதாக வந்த ஒரு நீதிபதியிடம் மேலதிகாரிகள் கோபிக்கிறார்கள்: பெண்கள் இஷ்டத்துக்கு உடுத்துகிறார்கள், நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? அவர் விளக்குகிறார். அவருடைய நோட்டரி ஒரு பெண்ணை நிறுத்தி, உன் முக்காட்டில் தடை செய்யப்பட்ட வெட்டுவேலை ஓரம் இருக்கிறதே என்கிறார். அவள் ஊசியைக் கழற்றி அதைக் கையில் எடுத்து, இது ஓரம் இல்லை, மாலை என்கிறாள். அடுத்தவளிடம், இத்தனை பொத்தான் ஏன் என்றால், இவை பொத்தானே இல்லை, காம்பு இருக்கிறதா பாருங்கள், எதிரே துளை இருக்கிறதா பாருங்கள் என்கிறாள். மூன்றாமவளின் ரோமம் எர்மின் என்றால், அது எர்மின் இல்லை, வேறொரு மிருகம் என்று வாயில் வந்த பெயரைச் சொல்கிறாள். நோட்டரி எழுத ஒன்றும் இல்லாமல் திரும்புகிறார். மேலதிகாரிகள் இது சுவரில் முட்டும் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். விதியில் எழுதியிருக்கும் சொல்லுக்கும் நிஜ உலகத்துக்கும் இருக்கும் இடைவெளியில்தான் ஓட்டை இருக்கும் என்பது சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பெண்கள் அருமையான டெஸ்டர்களாக வந்திருப்பார்கள்.

இந்தப் பின்னணியோடு ஸ்ட்ரோட்சி மாளிகைக்கு வருவோம். தெருவின் நடுவில், மூன்று மாடி உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும் கருங்கற்களால் (நம் ஊர்க் கருங்கல் இல்லை, மணற்கல்தான், பார்வைக்கு அப்படித் தோன்றும்) எழுப்பிய பெரிய பெட்டி. கட்டியவர் ஃபிலிப்போ ஸ்ட்ரோட்சி.

அவர் குடும்பத்துக்கும் மெடிசி குடும்பத்துக்கும் பழைய கணக்கு உண்டு. 1434-ல் கோசிமோ மெடிசி நகரத்தைக் கைக்குள் கொண்டுவந்தபோது எதிரணியில் இருந்தவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார். அதில் ஃபிலிப்போவின் அப்பா மத்தேயோவும் ஒருவர். அவர் சீக்கிரமே வெளியூரில் இறந்துபோனார். அம்மா அலெஸ்ஸாந்திரா ஃப்ளாரன்ஸுக்குத் திரும்பிவந்து பிள்ளைகளை வளர்த்தார். பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்களுக்கும் அதே தண்டனை. அம்மா ஊரில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் எழுபதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. யார் வீட்டில் பெண் பார்த்தேன், துணி என்ன விலை, வரி எவ்வளவு கேட்கிறார்கள், யாரிடம் எதைப் பேசாமல் இருப்பது நல்லது என்று எழுதும் கடிதங்கள். இந்தத் தெருவைப் பற்றிப் படிக்கப் போனதில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த வாசிப்பு அதுதான்.

ஃபிலிப்போ நேப்பிள்ஸில் பேங்க் நடத்தி ஏராளமாகச் சம்பாதித்தார். 1466-ல் தடை நீங்கி ஊர் திரும்பினார். வந்ததும் மாளிகை கட்டவில்லை. 1474 முதல் இந்தத் தெருவோரம் ஒவ்வொரு வீடாக வாங்கிச் சேர்த்தார். பதினைந்து கட்டடங்கள் வரை இடித்தார் என்கிறார்கள். 1489-ல்தான் அஸ்திவாரம். ஏன் இவ்வளவு காத்திருந்தார்? பணம் இல்லாமல் அல்ல. அவர் இறந்தபோது சொத்து ஒரு லட்சம் ஃப்ளோரினைத் தாண்டியிருந்தது. பயம்தான் காரணம். ஊரில் அப்போது அதிகாரம் கோசிமோவின் பேரன் லொரென்சோ மெடிசியிடம். அவரைவிடப் பெரிய வீடு கட்டினால் என்ன ஆகும் என்பது அப்பாவின் கதையிலிருந்து தெரியும்.

அவர் செய்த தந்திரத்தை அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஃபிலிப்போ ஒரு சாதாரண வீடு கட்டப்போவதாகப் பேச்சைக் கிளப்பினார். எனக்குப் பிள்ளைகள் அதிகம், பெரிய வீடு தாங்காது, கீழே நிறையக் கடைகள் வைத்தால் பிள்ளைகளுக்கு வாடகையாவது வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டடக்காரர்கள் வரைந்து காட்டியதெல்லாம் ரொம்பப் பெரிசு என்று தட்டிக்கழித்தார். விஷயம் லொரென்சோவின் காதுக்குப் போனது. ஊர் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர். வரைபடங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், இருப்பதில் பிரமாண்டமானதைச் சிபாரிசு செய்தார். ஃபிலிப்போ தயங்கினார், செலவாகும் என்றார், வேண்டாம் என்றார். கடை வைக்கிற யோசனையை லொரென்சோ அடியோடு மறுத்தார்: பார்க்க அசிங்கம், குடியிருப்பவர்களுக்கும் தொந்தரவு. பெரியவரே சொல்லிவிட்டார், எப்படி மறுப்பது என்று ஃபிலிப்போ "வேறு வழியில்லாமல்" மெடிசி மாளிகையையே மிஞ்சும் வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். ஐ.டி. வேலையில் இருக்கும் யாருக்கும் இந்த உத்தி புரியும். நாம் விரும்புவதை மேனேஜர் வாயாலேயே சொல்ல வைப்பது.

மகன் எழுதிய கதை என்பதால் அப்பாவின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். எனக்கு அது முக்கியமில்லை. கதை நம்பும்படி இருப்பதற்கு ஒரு பொது நினைப்பு ஊரில் இருந்திருக்க வேண்டும்: கீழே கடை இருந்தால் அது வருமானம் பார்க்கிறவர் வீடு, கடை இல்லாவிட்டால் பெரிய மனிதர் வீடு. வீட்டின் முகப்பில் வாடகை வராத வெற்றுச் சுவரை வைத்திருக்க முடிகிறது என்பதே உண்மையான பகட்டு. பட்டை விட, எர்மினை விட விலை உயர்ந்தது அந்த வெற்றுச் சுவர். அதைத் தடுக்க எந்த நோட்டரியும் வரவில்லை.

1489 ஆகஸ்ட் 6, மலைக்கு மேல் சூரியன் எழும் நேரம் பார்த்து அஸ்திவாரக் கல். முகூர்த்தம் சோதிடர்கள் குறித்துக்கொடுத்தது. தெருவில் இருந்த இரண்டு சாதாரண மனிதர்கள் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பது நம் அதிர்ஷ்டம். ஒருவர் திரிபால்தோ தே ரோஸ்ஸி. அவர் தன் சின்னப் பையனைக் கூட்டிவந்து அஸ்திவாரக் குழிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லி, ஒரு காசையும் கையில் இருந்த ரோஜாக்களையும் உள்ளே போடச் செய்தார். பெரியவனானதும் இதை நினைவு வைத்திருப்பாயா என்று கேட்டு, பையனும் ஆமாம் என்றானாம்.

இன்னொருவர் லூக்கா லாந்தூச்சி. அவருக்கு இந்த முனையிலேயே, மாளிகைக்கு எதிரே, மருந்துக்கடை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அவர் எழுதியது எந்தக் கடைக்காரரும் எழுதக்கூடியது: தெருவெல்லாம் கல் குவியல், மண் குவியல், கழுதையும் கோவேறு கழுதையும் குப்பையை அள்ளிக்கொண்டும் ஜல்லியைக் கொண்டுவந்தும் போகின்றன, நடக்க வழியில்லை, தூசி தாங்கவில்லை, வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தால் எங்கள் கடைகளுக்குத் தொந்தரவு. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் கடை வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் நூற்றாண்டைக் கேட்கவே மாட்டார். எதிரே கட்டப்படுவது கடையே இல்லாத வீடு. அதை முழுக்கக் கடையிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஃபிலிப்போ 1491-ல் இறந்தார். தரைத்தளம்கூட முழுசாக எழும்பியிருக்கவில்லை. கட்டி முடிக்க வேண்டும் என்று உயிலில் கட்டாயப்படுத்தியிருந்தார். சேர்த்த சொத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வீட்டுக்குப் போனது. 1538-ல் வேலை நின்றது. நின்றதற்குக் காரணம் அதே பழைய கணக்கு. அப்பாவின் பெயரையே தாங்கிய மகன் ஃபிலிப்போ, மெடிசி வீட்டிலேயே பெண் எடுத்தவர், கடைசியில் மெடிசிக்கு எதிராக வெளியேறியவர்களின் தலைவரானார். 1537-ல் மொந்தேமுர்லோ சண்டையில் பிடிபட்டு, அடுத்த வருஷம் ஃப்ளாரன்ஸ் கோட்டைச் சிறையில் இறந்தார். அந்தக் கோட்டை கட்ட அவரே பணம் கொடுத்திருந்தார். மாளிகையின் உச்சியில் இருக்கும் அலங்கார விளிம்பு இன்றும் சுற்றிவர முடிக்கப்படாமலே நிற்கிறது.

அந்த வெற்றியின் நினைவாக டியூக் கோசிமோ ஒரு தூணை நிறுத்தியதாகச் சொல்கிறார்கள். அது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இதே தெருவில், ஸ்ட்ரோட்சி வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாந்தா திரினிதா தேவாலயத்துக்கு எதிரே. ரோமில் கரகல்லா குளியல் மண்டபத்தில் இருந்த தூண். 1560-ல் போப் நான்காம் பயஸ் கொடுத்த பரிசு. உச்சியில் தராசோடு நீதி தேவதை. ஸ்ட்ரோட்சி வீட்டார் வெளியே வந்து தலையைத் திருப்பினால் தெரியும் இடத்தில்.

அந்தத் தூணுக்கு எதிரே இருக்கும் பார்த்தோலினி சலிம்பேனி மாளிகையைச் சொல்லாமல் போக முடியாது. பாச்சோ தஞோலோ 1520-களில் கட்டியது. ஜன்னல்களுக்கு மேல் முக்கோண முகடு, வாசலுக்கு இருபுறமும் தூண். இதெல்லாம் அதுவரை தேவாலயத்துக்கு மட்டுமே என்று ஊர் நினைத்திருந்தது. கேலி செய்து பாட்டெழுதி, திருவிழாவுக்குத் தேவாலயத்தில் தோரணம் கட்டுவதுபோல வீட்டு முகப்பில் இலைதழைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டியவர் மனம் நொந்துபோனாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது: குறை சொல்வது எளிது, அதே மாதிரி செய்து காட்டுவது கஷ்டம் என்று அர்த்தம். கமென்ட் பகுதிக்குக் கல்லில் கொடுத்த பதில்.

எதிரே சாந்தா திரினிதா தேவாலயத்துக்குள் ஒரு சிறு மண்டபம். சாஸ்ஸெத்தி சாப்பல். மெடிசி பேங்கின் பொது மேலாளர் ஃபிரான்செஸ்கோ சாஸ்ஸெத்திக்காகக் கிர்லாந்தாயோ வரைந்த சுவரோவியங்கள், 1480-களில் முடிந்தவை. ஒன்றில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த சிறுவனைப் புனித ஃபிரான்சிஸ் உயிர்ப்பிக்கிறார். ரோமில் நடந்ததாகச் சொல்லும் அற்புதம். ஓவியர் அதை இந்தத் தெருவுக்கு நகர்த்திவிட்டார். பையன் விழுவது ஸ்பினி மாளிகை ஜன்னலிலிருந்து. பின்னால் பழைய பாலம். கதவைத் தாண்டி வெளியே வந்தால் அதே கட்டடம் அதே இடத்தில் இருக்கும், கீழே செருப்புக் கடையோடு.

சாஸ்ஸெத்தி நல்ல ரசிகர், மேலாளராக அவ்வளவு தேறவில்லை. கிளைகளைக் கட்டுக்குள் வைக்கத் தவறியதாக வரலாற்றாசிரியர்கள் அவர் மேல் குறை சொல்கிறார்கள். 1494-ல் மெடிசி பேங்கே இல்லாமல் போனது. அவர் குடும்பமும் தேய்ந்தது. அந்த வம்சத்தில் வந்த ஃபிலிப்போ சாஸ்ஸெத்தி மிளகு வாங்கிக் கொடுக்கும் வேலைக்காகக் கப்பலேறி 1583-ல் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். சம்ஸ்கிருதத்தில் தேவ, சப்த, நவ, சர்ப்ப என்பவை இத்தாலிய மொழியின் தியோ, சேத்தே, நோவே, செர்பே போலவே இருக்கிறதே என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் இதே விஷயத்தைப் பேசுவதற்கு இருநூறு வருஷம் முன்னால். 1588-ல் கோவாவில் இறந்தார். மொழிக் குடும்பங்களைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் பழைய செல்வத்துக்கு மிஞ்சிய சாட்சி இந்தத் தெருவில் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அடுத்த முந்நூறு வருஷத்தை வேகமாகக் கடக்கலாம். ஒன்றைத் தவிர. 1674-ல் ஸ்பினி மாளிகையை வாங்கியவர் ஃபிரான்செஸ்கோ ஃபெரோனி. சாயத்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, ஆம்ஸ்டர்டாம் போய்ப் பணக்காரரானவர். அந்தப் பணத்தில் ஆப்பிரிக்க அடிமை வியாபாரமும் உண்டு. மாளிகை இன்றும் ஸ்பினி ஃபெரோனி என்றே அவர் பெயரையும் சேர்த்து அழைக்கப்படுகிறது. பளபளப்பான கையேடுகளில் "பணக்கார வணிகர்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் தெரு வெளிநாட்டவர்களின் மாலை உலாவுக்கான இடமானது. 1819-ல் வியூஸ்ஸோ என்பவர் இங்கே ஒரு வாசகசாலை ஆரம்பித்தார். ஐரோப்பியப் பத்திரிகைகள் சந்தாவுக்குக் கிடைக்கும். தோனே காப்பிக்கடையில் ஆங்கிலேயச் சீமாட்டிகள் தேநீர் குடித்தார்கள். 1865 முதல் 1871 வரை ஃப்ளாரன்ஸ் இத்தாலியின் தலைநகரமாக இருந்தபோது ஸ்பினி ஃபெரோனி மாளிகை நகராட்சி அலுவலகம். 1919 வாக்கில் இதே தெருவின் கஸோனி மதுக்கூடத்தில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தன் பானத்தில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னதில்தான் நெக்ரோனி காக்டெயில் பிறந்தது என்பார்கள். கடைகள் மெல்ல மெல்ல மதிப்புக்குரியவையாக ஆகிக்கொண்டிருந்தன, ஆனால் மாளிகைக்காரரும் கடைக்காரரும் இன்னும் வேறு வேறு ஆட்கள்.

அதை மாற்றியது ஒரு செருப்பு தைப்பவர். சல்வத்தோரே ஃபெர்ரகாமோ, 1898-ல் தெற்கு இத்தாலியில் பொனீத்தோ என்ற ஏழைக் கிராமத்தில் பிறந்தவர். செருப்புத் தொழில் இருப்பதிலேயே தாழ்ந்த தொழில் என்று பெற்றோர் தடுத்தார்கள் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விவசாயக் குடும்பமே அப்படி நினைத்தது என்றால் படிநிலை எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்பது வயதில், தங்கைக்குத் தேவாலயச் சடங்குக்கு வெள்ளைச் செருப்பு வாங்க வீட்டில் காசில்லை. பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்தான். பிறகு தடை நீங்கியது. அமெரிக்கா போய் ஹாலிவுட் படங்களுக்குச் செருப்பு செய்தார். அழகாக இருக்கும் செருப்பு ஏன் காலைக் கடிக்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி; அதற்காக உடற்கூறு படித்தார். உடம்பின் எடை பாதத்தின் வளைவில் இறங்குகிறது, அந்த வளைவைத் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. செருப்பின் நடுவில் ஒரு சின்ன எஃகுத் துண்டு வைத்தார்.

1927-ல் ஃப்ளாரன்ஸ் வந்தார். காரணம் கைத்தொழிலாளர்கள். ஹாலிவுட்டில் கிடைக்காத தையல்காரர்கள் இங்கே இருந்தார்கள். 1933-ல் திவாலானார், மறுபடி எழுந்தார். 1935-ல் முசோலினி எத்தியோப்பியா மேல் படையெடுத்ததும் சர்வதேசத் தடைகள் வந்தன, நல்ல எஃகு கிடைக்கவில்லை. கிடைத்த மட்டமான எஃகு செருப்புக்குள் உடைந்தது. அப்போதுதான் தக்கைக் கட்டைகளை ஒட்டி, குதிகாலுக்கும் பாதத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியையே அடைத்துவிட்டார். வெட்ஜ் ஹீல் என்று இன்று எல்லாச் செருப்புக்கடையிலும் கிடைப்பதன் பிறப்பு அது. தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வைக்கோல் நார், மிட்டாய் சுற்றும் கண்ணாடிக் காகிதம் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் மேல்பாகம் செய்தார். பக்கத்துத் தெருவில் 1921-ல் கடை திறந்திருந்த குச்சியோ குச்சியும், லண்டன் ஹோட்டலில் பெட்டி தூக்கியவர், இதே தட்டுப்பாட்டில்தான் தோலை விட்டுச் சணல் துணியில் பை செய்யத் தொடங்கினார். இந்தத் தெருவின் "காலத்தை வென்ற ஆடம்பரம்" பாதிக்கு மேல் பற்றாக்குறையில் பிறந்தது.

1938-ல் ஃபெர்ரகாமோ ஸ்பினி ஃபெரோனி மாளிகையை வாங்கினார். முழு மாளிகையையும். போப்பின் பேங்கர் கட்டிய கோட்டையில், மாடியில் பட்டறை, கீழே கடை. 449 வருஷங்களுக்கு முன்னால் கூப்பிடு தூரத்தில் லொரென்சோ அசிங்கம் என்று தள்ளிய ஏற்பாடு அதுதான். வித்தியாசம், வாடகைக்காரர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். இன்று அதே கட்டடத்தில் நிறுவனத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது, 1995-ல் திறந்தது.

அதற்கப்புறம் தெரு வேகமாக மாறியது. மாளிகை என்றால் கீழே கடை இருந்தாக வேண்டும். லாந்தூச்சி மாதிரி மருந்து விற்பவருக்கு இடமில்லை என்பதுதான் விலை. தோனே போய்விட்டது. பழைய புத்தகக் கடை போய்விட்டது. 1885-லிருந்து காளான் வகையான டிரஃபிள் தடவிய சின்ன ரொட்டி விற்கும் புரோக்காச்சி மட்டும் பெயர் மாறாமல் இருக்கிறது. அதையும் காப்பாற்றியது தெருவின் வட முனையில் மாளிகை வைத்திருக்கும் அந்தினோரி ஒயின் குடும்பம். உள்ளூர்க்காரர் ஊசி, நூல், ஆஸ்பிரின் வாங்க இந்தத் தெருவுக்கு வர வேண்டிய தேவை இல்லை. இதற்காக யாரையும் வில்லனாக்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "பாரம்பரியத்தைக் காக்கிறோம்" என்று அந்த பிராண்டுகள் சொல்லும்போது, எந்தப் பாரம்பரியத்தை என்று கேட்கத் தோன்றுகிறது. கட்டடங்கள் பத்திரமாக இருக்கின்றன. அதில் சந்தேகமில்லை. பட்டறையும் கடையும் ஒன்றாக இருந்த பொத்தேகா என்ற ஏற்பாடு தெருவைவிட்டுப் போய்விட்டது.

ஸ்ட்ரோட்சி மாளிகை 1937 வரை குடும்பத்திடம் இருந்தது. இப்போது கலைக் கண்காட்சிக்கூடம். வியூஸ்ஸோவின் வாசகசாலையும் அதற்குள் குடிபெயர்ந்துவிட்டது. முற்றத்துக்குள் யார் வேண்டுமானாலும் டிக்கெட் இல்லாமல் போய்வரலாம். வெளிச்சுவரின் அடியில் நீளமாக ஒரு கல் திண்ணை ஓடுகிறது. ஃபிலிப்போ காலத்திலேயே திட்டமிட்டது. வேலையாக வந்தவர்கள் காத்திருக்க, போகிறவர்கள் களைப்பாற. நம் வீட்டுத் திண்ணை மாதிரியேதான். கடை இல்லாத சுவர் என்பதால் அது மிஞ்சியது. தெருவின் கண்ணாடிகளைப் பார்த்து முடித்தவர்கள் பையில் கொண்டுவந்த சாண்ட்விச்சை அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.